விண்டோஸ் 11-க்கு மாறியதும் ஆபீஸ் நாஸ் திறக்க மறுக்கிறதா? காரணம் இதுதான்

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு?" விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதையொட்டி கம்ப்யூட்டரை மாற்றிய பல சின்ன ஆபீஸ்களில் இந்தக் கேள்வி கேட்டிருக்கும். ஓரமாக வைத்திருக்கும் நாஸ் பெட்டி, அதாவது எல்லோரும் ஃபைல் போட்டு எடுக்கும் நெட்வொர்க் ஸ்டோரேஜ், மேக்கில் திறக்கிறது, லினக்ஸில் திறக்கிறது, புது விண்டோஸில் மட்டும் அடம்பிடிக்கிறது. பெட்டி பழுதாகவில்லை. விண்டோஸ்தான் விதியை மாற்றிவிட்டது.

வெவ்வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்கள் ஒரே ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ள இன்று பொதுவாகப் பயன்படும் மொழி எஸ்எம்பி. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்து, மைக்ரோசாஃப்ட் வளர்த்தது. மற்றவர்களுக்கு அது எப்படிப் புரிந்தது? ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், 1991 வாக்கில் நெட்வொர்க்கில் ஓடும் தகவல்களை ஒட்டுக்கேட்டே அந்த மொழியைக் கற்று மென்பொருள் எழுதினார். அதுதான் பின்னாளில் சாம்பா ஆனது. கடைகளில் விற்கும் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் லினக்ஸும் சாம்பாவும்தான் இருக்கின்றன. முறையான ஆவணங்கள் சாம்பா குழுவின் கைக்கு வந்தது 2007 டிசம்பரில். அதுவும் ஐரோப்பிய யூனியனின் வழக்கில் மைக்ரோசாஃப்ட் தோற்ற பிறகு!

சரி, இப்போது என்ன சிக்கல்? 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு, ப்ரோ வகையில் இரண்டு விஷயங்களைக் கறாராக்கியது. ஒன்று, போகிற வருகிற ஒவ்வொரு தகவலிலும் டிஜிட்டல் முத்திரை இருக்க வேண்டும். நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. இரண்டு, பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவு கிடையாது. உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. முத்திரைக்கான சாவி, லாகின் செய்யும்போது பாஸ்வேர்டை வைத்துத்தான் உருவாகிறது. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, அதனால் சாவியும் இல்லை, முத்திரையும் இல்லை.

இங்கேதான் ஒரு ஆபத்து. தேடினால், 'எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணுங்க, சரியாயிடும்' என்று யாராவது சொல்லித் தருவார்கள். தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கிய வான்னாக்ரை, அந்தப் பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே, அதற்குத் திருத்தம் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். நாஸின் செட்டிங்ஸில் ஆளுக்கொரு யூசர் பெயர், பாஸ்வேர்டு உருவாக்குங்கள். குறைந்தபட்சப் பதிப்பு எஸ்எம்பி 2 அல்லது 3 என்று வையுங்கள். விண்டோஸில் அந்தப் பெயரில் லாகின் செய்யுங்கள். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பழைய பெட்டி என்றால், டேட்டாவை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு ஓய்வு கொடுப்பதுதான் நல்லது. ஃபோல்டருக்கே ஸ்கேன் அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷினையும் பாருங்கள். பல இடங்களில் எஸ்எம்பி 1-ஐப் பிடித்துத் தொங்குவது அதுதான்.

மேக் வைத்திருப்பவர்களும் நிம்மதியாக இருக்க முடியாது. ஆப்பிளின் சொந்த முறையான ஏஎஃப்பி, இனி வரும் பதிப்பு ஒன்றில் நீக்கப்படும் என்று 2025-லேயே அறிவித்துவிட்டார்கள். நாஸில் டைம் மெஷின் பேக்கப் ஏஎஃப்பி வழியாகப் போகிறதா என்று இப்போதே பாருங்கள். போனால் எஸ்எம்பிக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு வரும் ஒரு தலைவலி. 'போட்டோ' என்பதில் உள்ள 'போ'-வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே எழுத்தாக, அல்லது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் எனப் பிரித்து. பழைய மேக் டிஸ்க்குகள் பிரித்துச் சேமிக்கும். விண்டோஸ் கீபோர்டில் அடித்தால் பொதுவாகச் சேர்ந்தே வரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லினக்ஸ் நாஸுக்கோ வேறு வேறு பெயர். மேக்கிலிருந்து ஆர்சிங்க் மூலம் நகல் எடுத்த பிறகு ஒரே பெயரில் இரண்டு ஃபைல் தெரிந்தால், டூப்ளிகேட் என்று நினைத்து உடனே டெலிட் பண்ணிவிடாதீர்கள். திறந்து, தேதியும் அளவும் பாருங்கள். ஒன்றில் பழைய வேலையும் இன்னொன்றில் புதிய வேலையும் இருக்கக்கூடும்.