இங்கிலீஷ் வார்த்தையா, புது மந்திரமா?

நம் கோயமுத்தூர்ப் பக்கத்தில் இப்போது ஒரு புதுவித மந்திரோபதேசம் நடந்து வருகின்றது. "உயர்தர இங்கிலீஷ்" கற்றுக் கொடுப்பதாகப் போர்டு போட்டு, வாயில் நுழையாத வார்த்தைகளைப் புத்தகமாக அச்சிட்டு, தினம் இருபதாக நெட்டுருப் போடச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். பிள்ளைகளும் போடுகிறார்கள். அர்த்தம் கேட்டால் அதைவிடப் பெரிய இன்னொரு வார்த்தையைச் சொல்லுகிறார்கள். புரோகிதனுடைய சமஸ்கிருத மந்திரத்திற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். புரியாமல் இருப்பதுதானே அதற்கும் மதிப்பு, இதற்கும் மதிப்பு?

உடனே நாம் இங்கிலீஷே வேண்டாம் என்பதாக யாரும் திரித்துக் கூற வேண்டியதில்லை. 1928-லேயே ஈரோட்டிலிருந்து "ரிவோல்ட்" என்னும் இங்கிலீஷ் வாரப் பத்திரிகை நடத்திய இயக்கம் இது. இங்கர்சாலையும் ரஸ்ஸலையும் நமக்குத் தமிழில் கொண்டுவந்தவர்கள் இங்கிலீஷ் படித்தவர்கள்தாம். ஆனால் பாஷை ஒரு கருவி. கருவிக்கு யாரும் கற்பூரம் கொளுத்துவதில்லை (ஆயுத பூஜை அன்று தவிர!). அந்த இங்கிலீஷ் அகராதியும் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. கட்டுமரமும் சுருட்டும் அதற்கு நம்மிடமிருந்து போனவை. சமூகத்தால் ஒதுக்கித் தள்ளப்பட்டவனைக் குறிக்க அவர்கள் எழுதும் "பரையா" என்ற வார்த்தையும் இங்கிருந்து போன ஜாதிப் பெயரேயாகும். உலகத்திற்கு நம் ஜாதி முறை அளித்த நன்கொடை அது.

நிற்க, வார்த்தையை வேரோடு பிடித்தால் ஒன்று ஐந்தாகும். கிரேக்க பாஷையில் "தியோஸ்" என்றால் கடவுள். அதிலிருந்து வந்தது "தீயிசம்", அதாவது ஆஸ்திகம். முன்னே ஓரெழுத்துச் சேர்த்தால் "ஏதீயிசம்", நாஸ்திகம். "தியாலஜி" மத சாஸ்திரம். "தியாக்ரசி" கடவுள் பேரால் குருமார் நடத்தும் ஆட்சி. "பாலிதீயிசம்" பல கடவுள் கொள்கை. கடவுளால் மனிதனுக்குக் கைமேல் கண்ட லாபம், நமக்குத் தெரிந்தவரை, இந்த ஐந்து வார்த்தைகள்தான்.

திருப்பூரில் பனியன் தைக்கும் தோழர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவராயினும், கட்டிங், ஓவர்லாக், செக்கிங், ஷிப்மெண்ட் என்பவைகளைப் பிசகில்லாமல் சொல்லுகிறார். கை அந்த வேலையைச் செய்வதால் வாய்க்கு அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர் பாங்கிக் கடன் காகிதத்தைக் கண்டால், காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். அதில் "ஹைபாதிகேஷன்" என்று ஒரு வார்த்தை இருக்கும். தறி உங்கள் வீட்டிலேயே ஓடும். ஆனால் அது கடனுக்கு ஈடு. தவணை தவறினால் பாங்கி சட்டப்படி அதைக் கைப்பற்றலாம் என்பது அதன் அர்த்தம். "கேரண்டார்" என்றால் ஜாமீன்தார். "சும்மா ஒரு கையெழுத்துத்தானுங்க மாப்பிள்ளை" என்று சொல்லி வாங்குவது இதைத்தான். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவின்படி, வேறு விதமாக எழுதிக்கொண்டாலொழிய, கடன் வாங்கினவன் எவ்வளவுக்குப் பொறுப்போ அவ்வளவுக்கு ஜாமீன்தாரும் பொறுப்பு.

உயர்தர வார்த்தைகள் என்று நாம் இவைகளைத்தான் சொல்லுவோம். கையெழுத்துப் போடுமுன் அந்தக் காகிதத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய், தெரியாத வார்த்தைகளுக்கெல்லாம் கோடு போட்டு, காலேஜில் படிக்கும் மகளை அகராதியோடு உட்கார வைத்து ஒவ்வொன்றாய்க் கேளுங்கள். அவளுக்கும் பிடிபடாதவைகளைப் பாங்கி மானேஜரிடமே கேளுங்கள். அவர் அர்த்தம் சொல்லி முடிக்கும் வரையில் பேனா சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.