தோலைப் பார்த்து ஒதுங்குபவர்களுக்கும் வைத்தியம் சொல்பவர்களுக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 26 வருடங்களாக சொரியாசிஸ் இருக்கிறது. முழங்கை, முழங்கால், தலை. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள். நோயோடு வாழப் பழகிவிட்டேன். இதைப் பார்த்தவுடன் கையை இழுத்துக்கொள்பவர்களோடும், இலவசமாக வைத்தியம் சொல்பவர்களோடும்தான் இன்னும் பழக முடியவில்லை.

முதலில் ஒதுங்குபவர்களுக்கு. சொரியாசிஸ் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே துண்டில் துடைத்தாலும், ஒரே சீப்பில் தலை வாரினாலும் ஒட்டாது. இதில் கிருமியே கிடையாது. உடம்பின் எதிர்ப்பு சக்தி தாறுமாறாகத் தூண்டப்படுகிறது. தோல் செல் வளர்ந்து மேலே வர சாதாரணமாக ஒரு மாதம் ஆகும். இதில் சில நாட்களிலேயே வந்துவிடுகிறது. பழையது உதிர நேரமில்லாமல் அடுக்கடுக்காகச் சேருவதுதான் நீங்கள் முகம் சுளிக்கும் அந்த வெள்ளைச் செதில். 2014-இலேயே உலக சுகாதார சபை இதைத் தொற்றாத நோய் என்று சொல்லித் தீர்மானம் போட்டாயிற்று. இன்னும் நம் ஊரில் சலூனில் "வேற கடை பாருங்க சார்" என்கிறார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம். தலையில் செதில் இருக்கும் பிள்ளையைத் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கும் ஆசிரியரை எப்படிப் பொறுப்பது? பி.எட். படித்தவருக்குப் படர்தாமரைக்கும் சொரியாசிஸுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால் பரவாயில்லை. பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கலாமே!

அடுத்து, "நிரந்தர குணம்" ஆசாமிகள். இந்த நோய் ஏறும், இறங்கும். மார்கழிப் பனியில் ஏறும், மனக்கவலையில் ஏறும், தொண்டைப் புண் வந்தால் சிலருக்கு ஏறும். பிறகு தானாகவே அடங்குவதும் உண்டு. அடங்கும் நேரத்தில் யார் மருந்து கொடுத்திருந்தாரோ அவருக்குப் பேர். திரும்ப வந்தால், "நீங்க கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பீங்க" என்று பழி நம் தலையில்! நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. படித்த சித்த மருத்துவரிடம் போய் வெட்பாலைத் தைலம் தடவுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தைத்தான் வேண்டாம் என்கிறேன். அதில் ஸ்டீராய்டு இருந்து, நீங்கள் சட்டென்று நிறுத்தினால், உடம்பு முழுக்கச் சிவந்து சீழ்க்கொப்புளம் வரை போகலாம். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வரும்.

மெடிக்கல் கடைக்காரரும் சளைத்தவர் இல்லை. "படைக்கு ஒரு ஆயின்மென்ட்" என்றால் போதும், ஸ்டீராய்டு கலந்த ட்யூபை நீட்டுவார். 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தார்கள். சீட்டு கேட்கும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. முகத்திலும் தொடை இடுக்கிலும் அதை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து போகும்.

எனக்கு உதவுவது சாதாரண விஷயங்கள். இளஞ்சூடான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பது, ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுவது, நார் போட்டுத் தேய்க்காமல் இருப்பது. செதிலைப் பிய்க்கவே கூடாது. கீறல் பட்ட இடத்திலும், இறுக்கமான பேன்ட் உரசும் இடுப்பிலும் புதிதாகப் படை கிளம்பும். புகை, மது இருந்தால் விடுங்கள். காலையில் விரல் மூட்டு விறைத்தால் வயசு என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். இதே நோய் மூட்டையும் பிடிக்கும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. சீட்டில் கிழமையை எழுதி வாங்குங்கள்.

கமென்டில் வைத்தியர் போன் நம்பர் போடுபவர்களை நீக்கிவிடுவேன். பழைய மாணவர்களாக இருந்தாலும் சரி.