மூன்று வருஷத்துக்கு ஒரு புது விதி

இங்கிலாந்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரன் மேசை நிறையப் பொம்மை வீரர்களைப் பரப்பி வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். 'வார்ஹாமர் 40,000' என்ற போர் விளையாட்டு, 1987-இல் வந்தது. இப்போது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விதிகளை மாற்றுகிறார்கள்: 2017, 2020, 2023.

போட்டிக்காரர்களுக்கு நல்லதுதான், ஒரே மாதிரிப் படையே ஜெயிக்கும் அலுப்புத் தீரும். அன்று சேருகிற புதியவனும் மற்றவர்களோடு சமமாகத் தொடங்கலாம். ஆனால் நடுவில் சேருகிறவன்? படைக்கு வண்ணம் பூசி முடிப்பதற்குள் புத்தகம் பழசாகிவிடும். 2023-இல் படைகளின் பழைய விதிப்புத்தகங்கள் எல்லாம் செல்லாக்காசாயின. புது விதிகளை இணையத்தில் இலவசமாகக் கொடுத்ததுதான் ஆறுதல்.

"பொம்மை அப்படியேதான் இருக்கு தாத்தா, கணக்குதான் மாறிடுச்சு" என்றான் பேரன்.

புள்ளிக் கணக்கைத்தான் அவ்வப்போது திருத்துகிறார்களே, போட்டிக்கு அது போதாதா? புத்தகத்தை ஐந்து வருஷமாவது விட்டுவைக்கலாம். கற்றுக்கொள்கிறவனுக்கு அவகாசம் வேண்டும்.