கூலிக்குப் பின்னிருக்கை வேண்டாம், வாசலுக்கு வரும் வண்டி வேண்டும்
ஜொகூரில் செயலிவழிப் பயணச் சேவை: எங்கள் நிலைப்பாடு

மோட்டார் சைக்கிளில் பயணிகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்லும் செயலிச் சேவையை இன்றைய நிலையில் சட்டபூர்வமாக்கக் கூடாது என்பதே எங்கள் நிலைப்பாடு. அந்தச் சேவைக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தத் தேவைக்கு வழி செய்யாமல் தடையை மட்டும் நீட்டிக்கொண்டே போவதையும் நாங்கள் ஏற்கவில்லை. மாசாய், பாசிர் கூடாங், உலு திராம், ஸ்கூடாய் வட்டாரக் குடும்பங்களோடு நாள்தோறும் பழகும் சமூக நல அமைப்பு என்ற முறையில் இதைச் சொல்கிறோம்.

எங்கள் தாமான் குடியிருப்புகளில் கப்சாய் எனும் சிறிய மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். விடியற்காலை நாலரை மணிக்குச் சிங்கப்பூர் எல்லையில் உள்ள சுல்தான் இஸ்கண்டார் குடிநுழைவுக் கட்டடத்தின் மோட்டார் தடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஜாக்கெட்டை முன்பின்னாகத் திருப்பி மாட்டிக்கொண்டு, கடப்பிதழைக் கையில் எடுத்தபடி, ஒருவர் பின் ஒருவராக ஆயிரக்கணக்கானோர் சிங்கப்பூர் ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களைச் செயலியில் கார் கூப்பிடச் சொல்லி யாரும் மாற்றிவிட முடியாது. 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 பெட்ரோல் மானியத் திட்டத்தில் மலேசியர்களுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் 1.99 ரிங்கிட். ஒரு லிட்டரில் கப்சாய் 40 கிலோமீட்டர் ஓடிவிடும். எந்த வாடகைக் காரும் அந்தக் கணக்கோடு போட்டியிட முடியாது.

ஆனால் அந்த மோட்டார் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டிப் போன பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மனைவி, வயதான தாயார், இரண்டு மூன்று பிள்ளைகள். இரவு மோட்டாரில் போனவர் திரும்பும்வரை அந்த வீட்டுக்கு வண்டி கிடையாது. செயலியைத் திறப்பவர்கள் இவர்கள்தான். பாட்டியைச் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், மழையில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டும், கர்ப்பிணிக்குக் கிளினிக் நாள் வந்துவிட்டது. மருத்துவமனைக்குப் போவதுகூடப் பெரிய கஷ்டமில்லை. காலையில் அக்கம்பக்கத்தில் யாராவது இறக்கிவிட்டுப் போவார்கள். மருத்துவரைப் பார்த்து, மருந்துக்கு எண் எடுத்துக் காத்திருந்து வெளியே வரும்போது மதியம் தாண்டிவிடும். வானம் இருட்டிக்கொண்டு வரும். செயலியில் கட்டணம் ஏறத் தொடங்குவதும் அப்போதுதான். மோட்டார் பெருத்த ஊரில் இ-ஹெய்லிங் எனும் செயலிவழி வாடகைக் கார்ச் சேவையின் உண்மையான வாடிக்கையாளர், வீட்டு மோட்டாரில் இடம் கிடைக்காதவர். கொள்கை வகுப்பவர்கள் இவரை மனத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

முதலில் அண்டை நாடுகளைப் பார்ப்போம். ஜகார்த்தாவில் 2010இல் தொடங்கிய கோஜெக், தெருமுனை ஓஜெக் (மோட்டார் டாக்சி) ஓட்டுநர்களை வைத்தே வளர்ந்தது. ஹோ சி மின் நகரிலும் செயலி என்றால் முதலில் மோட்டார் பின்னிருக்கைதான். மலேசியா வேறு வழியில் போனது. 2012இல் மைடெக்சி என்ற பெயரில் இங்கே பிறந்த கிராப், டாக்சியையும் காரையும் வைத்து வளர்ந்தது. 2017இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இ-ஹெய்லிங்கை முறைப்படுத்தியது. 2019 ஜூலை 12 முதல் பி.எஸ்.வி. எனும் பொதுச் சேவை வாகன ஓட்டுநர் உரிமம், மருத்துவப் பரிசோதனை, வாகனச் சோதனை, பயணிகளுக்கான காப்புறுதி எல்லாம் கட்டாயமாயின. மோட்டாரைப் பொறுத்தவரை அரசின் மனம் பலமுறை மாறியது. மோட்டாரில் பயணிகளை ஏற்றிய டெகோ ரைடு செயலிச் சேவை 2017 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. 2020 ஜனவரியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மட்டும் ஆறு மாதச் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. அந்தச் சோதனை நிரந்தரச் சேவையாக மாறவே இல்லை.

நாங்கள் எதிர்ப்பதற்கான காரணம் எளியது. இந்த நாட்டின் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இறக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் மோட்டாரில் போனவர்கள். இரங்கல் வீட்டுக்கு நாங்கள் போகும்போது சுவரில் மாட்டியிருக்கும் படம் பெரும்பாலும் இருபது வயதுப் பையனுடையது. கிள்ளான் பள்ளத்தாக்கின் கூட்டரசு நெடுஞ்சாலைக்கு 1970களிலேயே தனி மோட்டார் தடம் போட்டார்கள். எங்கள் பாசிர் கூடாங் நெடுஞ்சாலையிலோ பல இடங்களில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளுக்குப் பக்கத்திலேயே மோட்டார் ஓட வேண்டியிருக்கிறது. மழை பிடித்தால் மேம்பாலத்தடியில் ஒதுங்கி நிற்கலாம், அவ்வளவுதான். சொந்த வண்டியில் போகிறவர் மழை விடட்டும் என்று நிற்பார். பின்னால் பயணியை வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்புக்காகத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுபவர் நிற்கமாட்டார். ஒவ்வொரு பயணத்துக்கும் தனித்தனியே கூலி தரும் முறை அவரை நிற்கவிடாது.

உணவுப் பொட்டலத்தை ஏற்றலாம், ஆளை ஏற்றக் கூடாதா என்று இளைஞர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உணவு கொண்டுபோகும் பிள்ளைகளே போதிய பாதுகாப்பின்றி ஓடுகிறார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. 2025இல் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டத்தை நாங்கள் வரவேற்கிறோம். பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாதுகாப்பும், காரணமின்றிக் கணக்கை முடக்குவதற்கு எதிரான உரிமையும் முதலில் அவர்கள் கைக்குக் கிடைக்கட்டும். அதற்குள் இன்னொரு உயிரையும் அதே இருக்கையில் ஏற்ற வேண்டாம்.

தடை இருந்தும் சேவை நடக்கத்தானே செய்கிறது என்பது அடுத்த வாதம். ஆமாம், நடக்கிறது. அப்படி ஏறுபவருக்கு விபத்து நேர்ந்தால் சாதாரண மோட்டார் காப்புறுதி கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அந்தக் காப்புறுதி கூலிப் பயணத்துக்காக எழுதப்பட்டதன்று. ஆனால் சாலையோரத்தில் பையனை மடக்கிச் சம்மன் கொடுத்து, வீட்டின் ஒரே மோட்டாரைப் பறிமுதல் செய்வதை நாங்கள் ஆதரிக்கவில்லை. செயலியில் மோட்டார் பயணத்துக்கான பொத்தானை வைத்து வியாபாரம் செய்யும் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுங்கள். பொத்தான் மறைந்தால் பையன் தானாகவே நின்றுவிடுவான்.

என்றாவது ஒருநாள் அரசு இதை அனுமதிக்க முடிவு செய்தால், கார் ஓட்டுநருக்கு விதித்த அதே நிபந்தனைகள் எதுவும் குறையாமல் வர வேண்டும். நெடுஞ்சாலைகள் விலக்கப்பட வேண்டும். பயணிக்குக் காப்புறுதி முதல் நாளே இருக்க வேண்டும்.

ஜொகூர் மாநில அரசிடம் நாங்கள் கேட்பது வேறு. அரசு மருத்துவமனைச் சந்திப்புக்கு வரும் முதியோர், கர்ப்பிணிகள், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இ-ஹெய்லிங் பற்றுச்சீட்டு கொடுங்கள். திரும்பி வரும் பயணத்துக்காவது கொடுங்கள். ஜொகூர் பாருவில் ஏற்கெனவே ஓடும் கும்பூல் போன்ற செயலிவழிப் பகிர்வு வேன்களை உலு திராம், மாசாய், கூலாய் தாமான்களின் உள்சாலைவரை கொண்டு வாருங்கள். செயலி பழகாத பாட்டிமார் தொலைபேசியில் கூப்பிட்டு, ரொக்கம் கொடுத்துப் போக வழி வையுங்கள். நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவமனை வாசலில் ஏறும் பயணத்துக்கு மழைக் கட்டணம் வாங்காதீர்கள்.

காலமும் நெருக்குகிறது. ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்துக்கு 4 கிலோமீட்டர் ஓடப்போகும் ஆர்.டி.எஸ். ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர்வரை ஏற்றக்கூடியது. பாலத்தைக் கடக்க ஐந்து நிமிடம் போதும். மாசாயிலிருந்து புக்கிட் சாகாருக்கு எப்படி வருவது என்பதுதான் பாக்கி. அதற்கு வேனும் பேருந்தும் மோட்டார் நிறுத்துமிடமும் இல்லையென்றால், கூலி மோட்டாருக்கான நெருக்குதல் ரயில் ஓடும் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும். நிலையத்தைச் சுற்றிய போக்குவரத்துத் திட்டத்தை மாநில அரசு இப்போதே பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். எங்கள் வட்டாரக் குடும்பங்களின் பயண நேரங்களையும் தேவைகளையும் திரட்டித் தர நாங்கள் தயார்.