ஆறு பேர் கோலாட்டம்

கட்டபெட்டிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். கட்டபெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். நீலகிரியில் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், உதகைச் சாலையும் வந்து கூடுகிற இடம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 6,000 அடி. இந்த உயரத்தை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடிதத்தின் சாராம்சம் இதுதான். மாமனார் காலத்து டாட்ஜ் கார் ஒன்று கொட்டகையில் நிற்கிறது. ஆறு சிலிண்டர் என்ஜின். அது ஓடி வெகு காலமாகிறது. அதைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடி பூட்ட வேண்டும் என்கிறார் கணவர். "இதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டீசல் என்ஜினை வைத்துவிடலாம்" என்கிறார் மெக்கானிக். "டர்போ வைத்தால் மலையில் பறக்குமே, அம்மா!" என்கிறான் காலேஜில் படிக்கும் பிள்ளை. பணமோ, வீட்டுக் கூரையை மாற்றுவதற்காகத் தேயிலைக் காசில் இவர் சிறுகச் சிறுகச் சேர்த்தது. "மூன்று பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் எதற்குச் சரி என்பது?" என்று கேட்கிறார்.

பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டியது நியாயம். ஆகையால் சமையலறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மலைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களைக் கேட்டுப் பாருங்கள். திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை வேக வைப்பதற்குள் பொழுது போய்விடும் என்பார்கள். 6,000 அடியில் காற்றின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். அதனால் தண்ணீர் 100 டிகிரியை எட்டுமுன், 94 டிகிரி சுமாருக்கே, கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிக்கிறதே தவிர, பருப்புக்கு வேண்டிய சூடு அதில் இல்லை. குக்கர் வந்த பிறகுதான் மலைவாசிகளுக்கு விமோசனம் பிறந்தது.

டாட்ஜ் என்ஜினும் அந்தத் திறந்த பாத்திரத்தின் ஜாதிதான். 'நாச்சுரலி ஆஸ்பிரேட்டட்' என்று பெரிய பெயர் சொல்லுவார்கள். தானாக மூச்சு இழுக்கிற என்ஜின் என்று வைத்துக் கொள்ளுங்கள். பிஸ்டன் கீழே இறங்குகிறது, உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, வெளிக் காற்று தானாகப் புகுகிறது. பிடித்துத் தள்ள யாரும் இல்லை. வெளியே காற்று மெலிந்திருந்தால் உள்ளேயும் மெலிந்த காற்றுதான். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும் என்பது பொதுக் கணக்கு. கீழே 95 குதிரைச் சக்தி தருகிற என்ஜின் கட்டபெட்டில் 78-க்கு வந்து நிற்கும். என்ஜினின் குற்றமல்ல இது.

பிள்ளையாண்டான் சொல்லும் டர்போ, குக்கர் மாதிரி. காற்றைப் பிடித்து அழுத்தி உள்ளே தள்ளும். யோசனை தப்பில்லை, ஆனால் அந்தக் காலத்து ஹெட்டும், கேஸ்கட்டும், பிஸ்டனும் அந்த அழுத்தத்துக்காகச் செய்தவை அல்ல. வாஷர் இல்லாத பித்தளைப் பானையை மூடி, மேலே குக்கர் வெயிட்டை வைப்பதற்குச் சமானம். பையனிடம் நயமாகச் சொல்லிவிடுங்கள்.

டீசல் விஷயம் அவ்வளவு லேசாகத் தள்ளக் கூடியதல்ல. பெட்ரோல் விலை ஏற ஏற, பெரிய அமெரிக்கக் கார்கள் எத்தனையோ நம் ஊரில் டீசலுக்கு மாறியதுண்டு. மெக்கானிக் அனுபவத்தில் சொல்கிறார். ஆனாலும் அவர் பக்கம் எனக்குச் சாய மனமில்லை. காரணம் அந்த ஆறு.

ஆறு பெண்கள் வரிசையாக நின்று கோலாட்டம் போடுகிறார்கள் என்று கற்பனை செய்யுங்கள். முதலாமவளும் ஆறாமவளும் ஒரு ஜோடி. இரண்டும் ஐந்தும் ஒரு ஜோடி. மூன்றும் நாலும் ஒரு ஜோடி. ஜோடிகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆனால் ஜோடியில் ஒருத்தி கோல் தட்டும்போது மற்றவள் மூச்சு வாங்குவாள். தட்டுகிற முறை 1, 5, 3, 6, 2, 4. கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் ஆறு தட்டும் சம இடைவெளியில் விழுந்துவிடும். ஒரு பிஸ்டன் கொடுக்கிற உதறலை மற்றவை வாங்கி அடக்கிவிடுகின்றன. நாலு சிலிண்டரில் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்தாலும் கொஞ்சம் நடுக்கம் மிஞ்சும். வரிசை ஆறில் அது இல்லை. இந்தச் சுகத்தை எடுத்துவிட்டுக் கடகடவென்று ஆடும் டீசலை வைத்தால், பெயருக்குத்தான் டாட்ஜ்.

சட்டமும் இந்தப் பக்கமே பேசுகிறது. 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்காகத் தனி விதி போட்டது. முதல் பதிவாகி 50 வருஷத்துக்கு மேலான கார், அசல் உருவில் இருந்தால், 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். என்ஜினையோ, சட்டத்தையோ, பாடியையோ பெரிதாக மாற்றியிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அப்படிப் பதிவான வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது; கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுதல், பழுது பார்த்தல் இவற்றுக்குத்தான். கடைத்தெருவுக்குப் போகக் கார் வேண்டும் என்பதுதான் கணவரின் எண்ணமானால், இதைப் பூட்டுவதற்கு முன்பே பேசித் தீர்த்துக் கொள்வது நல்லது.

அந்தக் காலத்தில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ மூன்றையும் பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனியார் பூட்டி விற்றார்கள். வால்சந்த் ஹீராசந்த் ஆரம்பித்த கம்பெனி. 1947-ல் அங்கே வேலை தொடங்கியது. மூன்று பெயருக்கும் என்ஜின் குடும்பம் ஒன்றுதான், புடவைதான் வேறு. 218 கன அங்குல என்ஜினானால் மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல். வால்வுகள் தலையில் இல்லாமல் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருக்கும். எளிமையான என்ஜின், பொறுமைசாலி.

இனி, சகோதரி, செலவுக்கு வருகிறேன். கூரைப் பணத்தைத் தொட வேண்டாம். மலை மழை யாருக்காகவும் காத்திருக்காது. கார் எத்தனையோ வருஷம் காத்திருந்துவிட்டது. ஆனால் ஒரு சின்னச் செலவுக்கு மட்டும் சம்மதியுங்கள். ஹெட்டைக் கழற்றி, பிளாக்கைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வரட்டும். பக்க வால்வு என்ஜின்களில் வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிவது உண்டு. அது தெரியாமல் பிஸ்டன் வாங்குகிறவர்கள், ஜாதகம் பாராமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிறவர்கள்.

பிளாக் நன்றாயிருந்தால் மற்றதைத் தவணையில் செய்யலாம். பிஸ்டன் கையில் வந்த பிறகே சிலிண்டரைக் குடைய வேண்டும். முதலில் குடைந்துவிட்டு அளவுக்குப் பிஸ்டன் தேடி அலைவது வீண். தேய்ந்த சிலிண்டரை அங்குலத்தில் ஆயிரத்துக்கு 20 அல்லது 30 பங்கு பெரிதாக்குவார்கள். கிராங்க் தண்டைச் சாணை பிடித்துப் புது பேரிங் போடுவார்கள். ஆறு பிஸ்டனும் ஆறு ராடும் எடையில் ஒன்றுக்கொன்று சமமாயிருக்கிறதா என்று தராசில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எடை பேதப்பட்டால் கோலாட்டம் கெட்டுவிடும்.

வால்வுக்கு மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலையில் காற்றே குறைவு. உள்ளே வந்த காற்றும் வால்வு இடுக்கில் ஒழுகிப் போனால் என்ன மிஞ்சும்? வால்வை அதன் இருக்கையில் பசை வைத்து, சந்தனம் அரைப்பது போல் நிதானமாக, சுற்றிலும் ஒரே சாம்பல் நிற வளையம் தெரியும்வரை அரைக்க வேண்டும். இதற்கு இயந்திரத்தை விடக் கை பொறுமை முக்கியம். பிள்ளையாண்டானை உட்கார வையுங்கள். டர்போ ஆசை அடங்கும்.

இன்னொன்று, முக்கால்வாசிப் பேர் மறப்பது. தண்ணீர்ப் பம்புக்குப் பின்னால், பிளாக்கின் நீளத்துக்கு, ஓட்டைகள் போட்ட தகட்டுக் குழாய் ஒன்று ஒளிந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரைக் கடைசிச் சிலிண்டரின் வால்வு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். வெளியே தெரியாததால் யாரும் தொடுவதில்லை. துருப்பிடித்து மக்கியிருந்தால் முன் சிலிண்டர்கள் குளிர, பின் சிலிண்டர்கள் வேகும். மலை ஏறும்போது பின் வால்வு கருகுவதற்கு இதுவே காரணமாகிவிடும். ரேடியேட்டரைக் கழற்றினால்தான் உருவ முடியும். உருவச் சொல்லுங்கள், புதியது போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் நன்றாயிருக்கும், அம்மா" என்றால் நம்ப வேண்டாம்.

பூட்டி முடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தமானி வைத்துப் பார்ப்பார்கள். புத்தகத்தில் போட்டிருப்பதை விடக் கட்டபெட்டில் குறைவாகத்தான் காட்டும். திகிலடைய வேண்டாம், பருப்புக் கதைதான். ஆறும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் உள் தோலையும் அது கெடுத்துவிடும். எத்தனாலைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்ற வேண்டும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உயரத்தில் காற்றுக் குறைந்து கலவை கெட்டியாகிறது. எத்தனாலோ கலவையை நீர்க்கச் செய்கிறது. கட்டபெட்டு உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரியாகி, கார்புரேட்டர் சமாதானமாகிவிடும்! ஆனால் சமவெளிக்கு இறங்கினால் எத்தனால் மட்டும் மிஞ்சி, கலவை மெலிந்து, என்ஜின் சூடாகும். வெள்ளோட்டம் முடிந்து முதல் முறை கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் இறங்கும்போது, கார்புரேட்டருக்கு ஒரு பெரிய ஜெட்டைக் காகிதத்தில் மடித்துக் கையுறைப் பெட்டியில் போட்டு வையுங்கள். மலைக்காகத் தீப்பொறி நேரத்தை முன்னுக்குத் தள்ளியிருந்தால் அதையும் கீழே போனதும் பின்னுக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மேட்டில் அழுத்தும்போது டிங் டிங்கென்று தட்டும்.