ரெட்லைன் பார்த்த எஞ்சினுக்கு எதற்கு ரன்னிங்-இன்?

நேற்று இரவு மெஸ்ஸில் பெரிய சண்டை. காரணம், எங்களில் ஒருவனும் ஏழு ஜென்மத்துக்கும் வாங்கப் போகாத கார்கள் :-)

எதிர்க்கட்சியின் வாதம் இது: "ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினை ஃபேக்டரியிலேயே ஏத்தி முறுக்கிப் பார்த்துட்டுத்தான் வெளிய விடுறான். அப்புறம் ரெண்டு கோடி குடுத்து வாங்கினவன் மட்டும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் பூனை மாதிரி ஓட்டணுமா? எல்லாம் தாத்தா காலத்து சம்பிரதாயம்டா!"

சாம்பார் வாளி காலியாகும் வரை கத்தினோம். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். ஆலையில் சோதிப்பது உண்மைதான். ஆனால் எதைச் சோதிக்கிறார்கள்? இன்றைய ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது 'கோல்டு டெஸ்ட்'. பெட்ரோலே ஊற்றாமல் மின்மோட்டாரால் எஞ்சினைச் சுற்றுவார்கள். சுற்றத் தேவைப்படும் விசை, ஆயில் அழுத்தம், அதிர்வு எல்லாவற்றையும் சென்சார் படிக்கும். சில நிமிடங்களில் ஆட்டம் முடிந்தது. விலை உயர்ந்த எஞ்சின்களை எரிபொருளோடு டைனோவில் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: சரியாகப் பூட்டியிருக்கிறோமா? ரிங் உட்கார்ந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அதற்குச் சில நிமிடம் போதாது.

சிலிண்டர் சுவரைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக விடுவதில்லை. ஹோனிங் என்று சொல்லி, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் போடுவார்கள். பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டை பிஸ்டன் ரிங் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தனக்கேற்ற தடம் ஆக்கிக்கொள்ளும். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் ஸ்பிரிங் விசை மட்டும் இல்லை, எரியும் வாயு ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளுகிறது. ஆகவே லோடு வேண்டும். ஒரேயடியாகத் தடவிக்கொடுத்து ஓட்டினால் ரிங் சரியாக உட்காராமல் சுவர் பளபளத்துப்போய் ஆயில் குடிக்கும். ஒரேயடியாக மிதித்தால் அந்த மேடுகளில் சூடு எகிறி உராய்ந்து கோடு விழும். "முதல் நாளே முறுக்கு" கோஷ்டியும் சரி, "நாற்பதைத் தாண்டாதே" கோஷ்டியும் சரி, உண்மையில் பாதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். பந்தய எஞ்சினையே டைனோவில் படிப்படியாக லோடு ஏற்றித்தான் பழக்குகிறார்கள்.

"இப்பதான் நவீன ஹோனிங் வந்தாச்சே, கோட்டிங் வந்தாச்சே" என்றான் அறைத்தோழன். வந்தாச்சு. நிஸான் ஜிடி-ஆர் (ஆர்35, 2007) எஞ்சினில் இரும்பு லைனரே கிடையாது. 0.15 மி.மீ. பிளாஸ்மா பூச்சுதான். யோகோஹாமாவில் ஒரே கைவினைஞர் முழு எஞ்சினையும் பூட்டினார். கார் முழுமையானதும் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் மூன்றையும் நிறுவனமே ஓட்டிப் பழக்கி அனுப்பியது. சரி, அதோடு விட்டார்களா? ஆயிரம் மைலில் கொண்டு வா, மறுபடி பார்த்து சரிசெய்ய வேண்டும் என்றார்கள். அத்தனை செய்தவனே வேலை முடியவில்லை என்கிறான். நீ மெஸ்ஸில் உட்கார்ந்து முடிந்துவிட்டது என்கிறாய்!

இதில் எல்லோரும் மறக்கிற சங்கதி, பழகவேண்டியது எஞ்சின் மட்டும் இல்லை. பிஎம்டபிள்யூ எம்3, எம்4 கையேட்டில் முதல் 2,000 கி.மீ. வரை 5,500 ஆர்.பி.எம்.மையும் 170 கி.மீ. வேகத்தையும் தாண்டாதே என்று இருக்கும். 2,000-ல் ஒரு கட்டாய சர்வீஸ். அதில் எஞ்சின் ஆயிலோடு டிஃபரென்ஷியல் ஆயிலையும் மாற்றுவார்கள். ஏன்? புதுப் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்தும்போது உதிரும் இரும்புப்பொடி அந்த ஆயிலில் இருக்கும். டைனோவில் தனியாக ஓடிய எஞ்சின் இந்தப் பல்சக்கரத்தை எப்போது பார்த்தது? புது டயருக்கு முதல் சில நூறு கிலோமீட்டர் முழுப் பிடிப்பு இருக்காது, பிரேக் பேடும் அப்படியே. 500 குதிரை சக்தியை அதன் மேல் அவிழ்த்துவிட்டால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம், ஓட்டுபவனுக்கு ஆகும்.

இதுவரை நண்பர்களைத் திட்டியாகிவிட்டது. என் உண்மையான கோபம் நிறுவனங்கள் மேல்.

2014 போர்ஷே 911 ஜிடி3 கதை ஞாபகம் இருக்கிறதா? 9,000 ஆர்.பி.எம். வரை போகும் 3.8 லிட்டர் எஞ்சின். இரண்டு கார்கள் தீப்பிடித்து எரிந்தன. கனெக்டிங் ராடு போல்ட் தளர்ந்து, கிராங்க்கேஸ் உடைந்து, கொட்டிய ஆயில் பற்றிக்கொண்டது. "யாரும் காரை எடுக்காதீர்கள்" என்று சொல்லி, விற்ற 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள். செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் உலகின் மிகக் கறாரான ஆலைகளில் ஒன்றின் சோதனையைத் தாண்டி அந்த போல்ட் ரோட்டுக்கு வந்ததே! வாங்கியவன் எத்தனை பூப்போல ஓட்டியிருந்தாலும் அதைக் காப்பாற்றியிருக்க முடியாது.

அதே போர்ஷேயின் எஞ்சின் கம்ப்யூட்டர், நீங்கள் எத்தனை முறை சுற்றை எல்லை மீற விட்டீர்கள் என்று வகைவகையாகக் கணக்கு எழுதி வைத்திருக்கும். பழைய கார் விற்கும்போது அந்தக் கணக்கைத் தோண்டிப் பார்ப்பார்கள். வாரண்டி பேச்சு வந்தாலும் பார்ப்பார்கள். வாங்கியவனின் பாவக்கணக்கு மட்டும் பத்திரமாக இருக்கிறது. ஆலை அந்த எஞ்சினை என்ன செய்தது, எத்தனை நிமிடம், எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு லோடு, ஆயில் அழுத்தம் என்ன வந்தது? இந்தத் தாளைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க மாட்டார்கள். ஏஎம்ஜி எஞ்சின் மேல் பூட்டியவர் கையெழுத்துப் பலகை இருக்கும், அழகாகவே இருக்கும். எனக்குக் கையெழுத்தோடு மதிப்பெண் பட்டியலும் வேண்டும். அந்தத் தகவல் ஆலைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. அச்சடிக்க ஒரு தாள் செலவு.

இது பணக்காரர் பிரச்சினை என்று ஒதுக்காதீர்கள். முதல் ஓனர் ஒரு வருடத்தில் விற்றுவிட்டுப் போய்விடுவார். பத்து வருட சேமிப்பைப் போட்டு அதை மூன்றாம் கையாக வாங்குகிறவன்தான் ஆயில் புகையோடு மாரடிக்கப் போகிறான். காரணமே சொல்லாமல் "4,000-க்கு மேல் போகாதே" என்று ஒரு வரி எழுதினால், எங்கள் மெஸ் அறிஞர்கள் மாதிரி ஆட்கள் அதைச் சம்பிரதாயம் என்றுதான் நினைப்பார்கள். ஏன் என்று கையேட்டில் அரைப் பக்கம் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பி.கு: அறைத்தோழன் போன மாதம்தான் புது பைக் எடுத்தான். முதல் சர்வீஸ் வரை 50-ஐத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் செய்து, என்னையும் பின்னால் உட்காரவைத்து பஸ்ஸுக்கெல்லாம் வழி விட்டுக்கொண்டு போகிறான். ஃபெராரிக்கு மட்டும்தான் சம்பிரதாயம் கிடையாதாம்.