ஆமை உயிரோட இருக்கு, சரி. நல்லா இருக்கா?

போன மாசம் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமா நாலு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. மலத்தைக் கல்ச்சருக்கு அனுப்பினதுல சால்மோனெல்லா. வெளிச்சாப்பாடு, தண்ணீர், முட்டை எல்லாம் விசாரிச்சுட்டு, "வீட்டுல ஏதும் வளர்க்கிறீங்களா?"ன்னு கேட்டேன்.

"ஒரே ஒரு ஆமை டாக்டர். பாவம், அது பாட்டுக்கு இருக்கும்"னு அம்மா போன்ல வீடியோ காட்டினாங்க.

பிளாஸ்டிக் தென்னை மரம் வெச்ச சின்னத் தொட்டி. கண்ணுக்குப் பின்னால சிவப்புக் கோடு, அதாவது ரெட் இயர்டு ஸ்லைடர். ஓட்டோட விளிம்பு மேல்பக்கமா வளைஞ்சிருந்தது. அமுக்கினா உள்ள போகுதாம். வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு.

பையன் தேறிட்டான். கிருமி ஆமைகிட்ட இருந்துதான் வந்ததுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா பார்க்க ஆரோக்கியமா இருக்கிற ஆமையும் சால்மோனெல்லாவைச் சுமக்கும். 4 அங்குலத்துக்குக் குறைவான ஓடு உள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975-லேயே தடை போட்டது இதனாலதான். குட்டி ஆமைன்னா குழந்தைங்க வாயில வெச்சுப்பாங்க.

இப்ப அந்த ஓட்டுக்கு வருவோம். நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன், கால்நடை மருத்துவர் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்ததும் ரிக்கெட்ஸ்தான் ஞாபகம் வந்தது. ஓடு ஆமை போட்டிருக்கிற சட்டை இல்லைங்க. விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து உருவான எலும்பு, அதுக்கு மேல கெரட்டின் தகடு. அதுக்குக் கால்சியம் வேணும், வைட்டமின் டி3 வேணும், டி3 உருவாகப் புற ஊதா பி கதிர் வேணும். "ஜன்னலோரம்தான் வெச்சிருக்கோம், நல்ல வெயில் வரும்"னாங்க. கண்ணாடி வழியா சூடு வரும். அந்தக் கதிர் கிட்டத்தட்ட வரவே வராது.

"நல்லாத்தான் சாப்பிடுது, தண்ணியும் தெளிவா இருக்கு"ன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அது சாப்பிடுறதும் கழிக்கிறதும் அதே தண்ணியில. டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்க, அம்மோனியா பூஜ்யமா இருக்கணும். உடம்பு முழுக்கக் காயுற மாதிரி ஏறி உட்கார ஒரு மேடு இருக்கா? காயாத ஓட்டுலதான் அழுகல் சுலபமா பிடிக்கும்: குழி, வெள்ளைத் திட்டு, சிவப்பு, நாத்தம். இதுல ஒண்ணு இருந்தாலும் கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. தேங்காய் எண்ணெய் தடவிட்டு உட்கார்ந்திருக்காதீங்க. கண்ணாடி மாதிரி மெல்லிசா தகடு உரியுறது இயல்பு, அதை நீங்களா பிய்க்காதீங்க.

ஓடு ஒரு அங்குலத்துக்கு சுமார் 40 லிட்டர் தண்ணீர்னு வளர்க்கிறவங்க கணக்கு வெச்சிருக்காங்க. பெண் ஆமை 10 அங்குலம் வரைக்கும் வளரும். பெருக்கிப் பாருங்க. தென்னை மரத் தொட்டியை விற்கிற கடையில இந்தக் கணக்கை யாரும் சொல்றதில்லை.

ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க. நான் பார்த்த வரைக்கும் உருப்படாம போறது ஆமைதான்.

"அப்ப ஏரியில விட்டுடட்டுமா?"ன்னு கேட்டாங்க. வேண்டவே வேண்டாம்! இது அமெரிக்க இனம். உலகின் மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியல்ல இருக்கு. நம்ம ஊர் ஆமைகளோட இரைக்கும் இடத்துக்கும் போட்டிக்கு வரும். பெரிய தொட்டியும் புற ஊதா விளக்கும் வாங்குங்க, முடியலைன்னா வளர்க்கத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்கன்னேன். அதுவரைக்கும் பையனைத் தொட விடாதீங்க, தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்க, தொட்டியை சமையலறை சிங்க்ல கழுவாதீங்க.

"அங்கதான் டாக்டர் இவ்வளவு நாளா கழுவினேன்"னாங்க.